பறைக்கும் தாலாட்டுக்கும் ஒரே மைக்

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



நம் ஆண்டு மலரில் கவிதையும் துணுக்கும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைப் பாடமாக எழுதுகிறேன். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய, எல்லா வேலைக்கும் ஒத்துவரும் ஒரு கண்டன்சர் மைக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே அது. பாட்டு, குறும்படம், யூடியூப் என்று நம்மில் பலர் இறங்கியிருப்பதால் உங்களுக்கும் பயன்படும்.

நான் ஏமாந்த கதை

என் அப்பா பறை அடிப்பவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குத் தெரிந்த அடிகளையும் அம்மா பாடும் தாலாட்டையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. சொன்னதும் அப்பா கோயில் கொடையில் கிடைத்த கூலியிலிருந்து 2,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். “நீ படிக்கிறவன், பாத்து வாங்கு” என்றார்.

நான் பார்த்தது பெட்டியை மட்டும்தான். ‘ஸ்டூடியோ கண்டன்சர் மைக்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. பெரிய வலைத்தலை, ஸ்டாண்டு, ஸ்பாஞ்சு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகிப் பதிவு செய்தேன். அம்மாவின் தாலாட்டுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்று அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அப்பாவின் பறையோ தகரத்தைத் தட்டுவது போல உடைந்து கேட்டது. சிண்டுக்குச்சியின் மெல்லிய அடி எதுவுமே தனியாகத் தெரியவில்லை.

கேட்டு முடித்த அப்பா, “ஏம்பா, மைக்கு சரியில்லையா, என் அடி சரியில்லையா?” என்றார். முப்பது வருடமாக அடிக்கிற மனிதர் அப்படிக் கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, “தெரியலப்பா” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது.

மைக்கைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். சார் கேட்ட முதல் கேள்வி, “பெட்டிக்குள்ள ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் இருந்துச்சா?” இல்லை. கழற்றிப் பார்த்தோம். அவ்வளவு பெரிய வலைக்குள்ளே ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சிறிய ஒரு வில்லை! கம்ப்யூட்டர் துளையிலிருந்து அதற்குக் கிடைத்த மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்தோம். 5 வோல்ட் கூட இல்லை.

கண்டன்சர் மைக் வேலை செய்யும் விதம்

நாம் படித்த கெபாசிட்டர்தான் இது. ஒரு தட்டு அசையாமல் இருக்கும். எதிரே உள்ள மெல்லிய சவ்வு இன்னொரு தட்டு. ஒலி பட்டு சவ்வு அசையும்போது இடைவெளி மாறுகிறது, அதனால் கெபாசிட்டன்ஸ் மாறுகிறது. மின்னூட்டம் மாறாமல் இருப்பதால் க்யூ = சி × வி என்ற சூத்திரப்படி மின்னழுத்தம் ஏறி இறங்கும். அதுவே நமக்கு வேண்டிய சிக்னல். 1916-இல் அமெரிக்காவில் ஈ.சி. வென்டி இதை உருவாக்கினார்.

இந்தக் கெபாசிட்டன்ஸ் மிகச் சிறியது என்பதால், மைக்குக்குள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் சுற்று தேவை. அதற்குச் சப்ளை கொடுப்பதே 48 வோல்ட் ஃபாண்டம் பவர். சிக்னல் போகும் இரண்டு கம்பிகளிலும் ஆளுக்கொரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இது சமமாக வரும். ஆகவே நல்ல மைக் வாங்கினால் மட்டும் போதாது, 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வேண்டும். இந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

எலக்ட்ரெட் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். நிரந்தர மின்னூட்டம் கொண்ட அந்த வகையை 1962-இல் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். கீழே நான் சொல்லும் ஏடி வகை மைக்குகளும் நிரந்தர மின்னூட்டம் கொண்டவைதான். நான் ஏமாந்தது வகையால் அல்ல, அளவு பார்க்காததால்.

கழித்தல் கணக்கு

ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டில் முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்.

ஒன்று, சுய இரைச்சல். ஊரே அடங்கிய அமைதியிலும் மைக் தானாகப் போடும் சத்தம். இது குறையக் குறைய நல்லது. தாலாட்டுக்கு இதுதான் முக்கியம்.

இரண்டு, அதிகபட்ச ஒலி அழுத்தம். எவ்வளவு பெரிய சத்தம் வரை உடையாமல் தாங்கும் என்பது. கூடக் கூட நல்லது. பறைக்கு இது முக்கியம்.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது டைனமிக் ரேஞ்ச். மைக் எவ்வளவு விதமான வேலைக்கு ஒத்துவரும் என்பதை ஓரளவு இது காட்டும். மூன்று மைக்குகளைப் பார்ப்போம்.

ஆடியோ டெக்னிகா ஏடி 2020: தாங்குவது 144 டெசிபல், இரைச்சல் 20. கழித்தால் 124.

ஆடியோ டெக்னிகா ஏடி 2035: தாங்குவது 148, இரைச்சல் 12. கழித்தால் 136.

ரோட் என்டி1-ஏ: தாங்குவது 137, இரைச்சல் 5. கழித்தால் 132.

குரல் மட்டும் பதிவு செய்பவருக்கு மூன்றாவதே நல்லது, இரைச்சல் மிகக் குறைவு. என்னைப் போல மேளமும் வேண்டும், மெல்லிய குரலும் வேண்டும் என்றால் இரண்டாவது. அதில் இரண்டு சுவிட்சுகளும் உண்டு. ஒன்று 10 டெசிபல் குறைக்கும் பேட். மேளத்துக்குப் போடலாம், குரலுக்கு எடுத்துவிட வேண்டும். மற்றொன்று 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் ஃபில்டர். தெருவில் போகும் லாரியின் உறுமலைக் குறைக்க உதவும். கையில் காசு குறைவென்றால் முதலாவதும் மோசமில்லை, மேளத்தை நன்றாகவே தாங்கும்.

அறையும் ஒரு கருவிதான்

மேற்சொன்ன மூன்றும் கார்டியாய்டு வகை. முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும், பின்னால் வருவதை மிகவும் குறைவாக வாங்கும். ஆகவே சத்தம் வரும் ஜன்னலுக்கு மைக்கின் முதுகைக் காட்டுங்கள். பெரும்பாலும் இவற்றில் பாட வேண்டியது பக்கவாட்டு முகத்தைப் பார்த்து, உச்சியைப் பார்த்து அல்ல. இது தெரியாமல் நானும் உச்சியில்தான் பேசிக்கொண்டிருந்தேன்!

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் சரி. மிக நெருங்கினால் அடிக்குரல் தடித்துப்போகும். ‘ப’ என்ற எழுத்தின் காற்று மோதாமலிருக்க, எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணி கட்டி முன்னால் நிறுத்தலாம். வெறும் சுவர் எதிரொலிக்கும். கயிறு கட்டிப் போர்வை, பழைய சேலை, கோணிச்சாக்கு தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். குக்கர் விசில் அடங்கட்டும். மைக் செட்காரர்கள் போல ஊதியோ தட்டியோ சோதிக்க வேண்டாம். மேடையில் அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் டைனமிக் மைக், அது முரட்டுப்பிள்ளை. கண்டன்சரின் சவ்வு அப்படியல்ல. 48 வோல்ட் சுவிட்சைப் போடும்முன் ஒலி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்முன் கேட்க வேண்டியவை

1. நான் பதிவு செய்வதில் மிகப் பெரிய சத்தம் எது, மிகச் சிறியது எது?
2. ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் இருக்கிறதா? இல்லையென்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.
3. 48 வோல்ட் கொடுக்க என்னிடம் வழி இருக்கிறதா?
4. பேட், ஃபில்டர் உண்டா?
5. அறையைச் சரிசெய்தேனா?

கடைசியாக ஒன்று

பக்கத்து டவுனில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஏடி 2035-ஐயும் இன்டர்ஃபேஸையும் இரவல் தந்தார். முதலில் போர்வை கட்டிய அறைக்குள் அம்மாவைப் பாடவைத்தேன். பிறகு வாசலில் அப்பா வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி அடித்தார். பேட் போட்டு, நாலடி தள்ளி மைக்கை வைத்தேன். ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினேன். இந்தத் தடவை சிண்டுக்குச்சி வேறு, அடிக்குச்சி வேறு என்று இரண்டும் தனித்தனியாக விழுந்தன.

அப்போதுதான் சொன்னேன். “அப்பா, அன்னிக்கு உங்க அடி சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் பாக்காம வாங்கிட்டேன்.” அவர் கோபப்படவில்லை. “அதான் இப்பப் பாக்கத் தெரிஞ்சுகிட்டியே” என்றார். பிறகு, “இன்னொரு தடவை போடு” என்று முதலிலிருந்து கேட்டார்.

சொந்தமாக அந்த மைக் இன்னும் வாங்கவில்லை. விடுமுறையில் மைக் செட் வேலைக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்களே, நம் வீட்டில் பணம் கொடுப்பவர்கள் நம் படிப்பை நம்பிக் கொடுக்கிறார்கள். தங்க எழுத்தைப் படிக்க டிப்ளமோ தேவையில்லை. ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டைப் படிக்கத்தான் நாம் இங்கே வந்திருக்கிறோம்.