சிரிக்க வைத்துத் தீர்ப்புச் சொன்ன முன்சீப்

(பத்தாம் வகுப்பு மாணவி, புளியறை)

ஒருவரைத் திட்டினால் அவருக்குக் கோபம் வரும். அறிவுரை சொன்னால் கொட்டாவி வரும். ஒரு கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாலோ, சிரித்து முடித்த பிறகு, "இது நம்மைப் பற்றிய கதையல்லவா?" என்ற எண்ணம் வரும். இந்த மூன்றாவது வழிக்கு நம் இலக்கணத்தில் அங்கதம் என்று பெயர். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். தொல்காப்பியர் காலத்திலேயே தமிழர் இதை அறிந்திருந்தனர்.

திருவிவிலியத்தில் நாம் படித்த ஒரு நிகழ்ச்சி இதை நன்றாக விளக்கும். பெரும் பாவம் செய்த தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் சென்றார். அவர் அரசரைத் திட்டவில்லை. ஏராளமான ஆடுகளையுடைய செல்வன் ஒருவன், ஓர் ஏழை மகள்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து வைத்த கதையைச் சொன்னார். தாவீது சினந்து, அந்தச் செல்வனுக்குத் தண்டனை கூறினார். அதன் பிறகே, அந்தச் செல்வன் அரசர்தாம் என்பதை நாத்தான் உணர்த்தினார். தீர்ப்புச் சொன்னவரும் குற்றவாளியும் ஒருவரே! அந்தக் கதையில் சிரிப்பு இல்லை. ஆனால் நல்ல அங்கதமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கதை எழுதிய நீதிபதி

தமிழ் நாவலில் இந்த வேலையை முதன்முதலில் செய்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. இவர் 1826-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிப் பகுதியில் உள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், பல ஆண்டுகள் மாவட்ட முன்சீப்பாகப் பணிபுரிந்தார். சாதாரண மக்களும் சட்டத்தை அறிய வேண்டும் என்று உயர்ந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் வெளியிட்டார். 1859-இல் இவர் வெளியிட்ட 'நீதிநூல்' நேரடியாக அறிவுரை சொல்வது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1879-இல், தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. அறிவுரையின் பெட்டியைத் திறந்து அதில் சிரிப்பையும் சேர்த்துக் கட்டினார் என்று இதைச் சொல்லலாம்.

கதையைச் சொல்பவன் பிரதாபனே. அவன் முதலில் கேலி செய்வது தன்னைத்தான். செல்வக் குடும்பத்தில் செல்லமாக வளர்ந்த அவனுக்குப் படிப்பு எதற்கு என்பது அவன் வாதம். ஆசிரியர் வீட்டுக்கே வந்து பாடம் சொல்கிறார். அவன் தப்புச் செய்தால், அவனை அடிக்க முடியாதாகையால், ஆசிரியரின் பிள்ளையாக வளரும் கனகசபைக்கு அடி விழுகிறது! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் பணக்காரன் செய்த தவற்றுக்கு ஏழை அடி வாங்கும் வழக்கம் அந்த வீட்டோடு நின்றுவிட்டதா? பிரதாபனுக்கு நேர்மாறாக அவன் தாய் சுந்தரத்தண்ணியும், பிறகு மனைவியாகும் ஞானாம்பாளும் அறிவிலும் நிதானத்திலும் சிறந்து விளங்குகிறார்கள்.

'சந்தோஷப்படுத்துகிறேன்'

நூலின் மிகச் சுவையான பகுதி விக்கிரமபுரியில் நடக்கிறது. அங்கே பிரதாபன் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கிறான். கூலி என்ன என்று பேசாமல், "உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன்" என்று சொல்லிவிடுகிறான். நம் குற்றாலத்தில் சீசன் நேரத்தில் விலை கேட்டால், "நீங்க பாத்துக் குடுங்க" என்பார்களே, அதுபோலத்தான்! வேலை முடிந்ததும், எவ்வளவு கொடுத்தாலும் தைத்தவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. வழக்கு நீதிமன்றம் போகிறது. பிரதாபன் சிறைக்குப் போகிறான். சொல்லைப் பிடித்துக்கொண்டு நியாயத்தை விட்டுவிடும் நீதிமன்றங்களைத்தான் ஆசிரியர் இங்கே கேலி செய்கிறார். அவரே முன்சீப்பாக இருந்தவர் என்பதை மறக்கக் கூடாது. தாம் இருந்த வீட்டின் குப்பையைத் தாமே பெருக்கினார்!

இதற்குள், கணவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்பட்ட ஞானாம்பாள் அந்த ஊருக்கு வந்து சேர்கிறாள். வாரிசில்லாத அரியணைக்கு ஆள் தேடி அனுப்பிய யானை அவள் கழுத்தில் மாலையைப் போட்டுவிடுகிறது. அரசராகிய அவள் அந்த வழக்கை மீண்டும் விசாரிக்கிறாள். "நான் முடிசூடியதில் உனக்குச் சந்தோஷம்தானே?" என்று தைத்தவனைக் கேட்கிறாள். அரசர் முன்னால் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆம் என்கிறான். அவனுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது; ஆகவே கடனும் தீர்ந்துவிட்டது. சொல்லால் கட்டிய முடிச்சைச் சொல்லாலேயே அவிழ்த்துவிட்டாள்.

குறையே இல்லாதவளும் குறையுள்ளவனும்

முதன்மைப் பாத்திரங்களைக் குற்றமற்ற நல்லவர்களாகவே படைத்ததாகவும், அதற்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தே வழிகாட்டி என்றும் வேதநாயகம் பிள்ளை முன்னுரையில் கூறியுள்ளார். இதற்கு எதிரான வழியில் சென்றவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் (1835–1910). அவருடைய 'ஹக்கிள்பெரி ஃபின்' 1884-இல் இங்கிலாந்திலும் 1885-இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. ஹக் பொய் சொல்வான், பள்ளிக்கு மட்டம் போடுவான். அவன் ஜிம் என்ற தப்பியோடிய கறுப்பின அடிமையோடு மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் பயணம் செய்கிறான். அடிமை தப்ப உதவுவது பாவம் என்று அவனுக்கு ஊர் கற்பித்திருக்கிறது. ஜிம்மைக் காட்டிக்கொடுக்க ஒரு கடிதம் எழுதுகிறான். பிறகு ஜிம் தன்மேல் காட்டிய அன்பை நினைத்துப் பார்த்து, தனக்கு நரகம் கிடைத்தாலும் சரி என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். அவன் தன்னைப் பாவி என்று நினைக்கும் அந்த நொடியில்தான் மிகப் பெரிய நன்மையைச் செய்கிறான். அதே நூலில், பகைகொண்ட இரு குடும்பத்தார் துப்பாக்கியோடு கோவிலுக்கு வந்து, சகோதர அன்பைப் பற்றிய மறையுரையைக் கேட்டு, நல்ல மறையுரை என்று பாராட்டியும் செல்கிறார்கள். மறுநாளே ஒருவரையொருவர் சுடுகிறார்கள்!

ஞானாம்பாள் எப்படி வாழ வேண்டும் என்று காட்டுகிறாள். ஊர் கற்பித்ததெல்லாம் மனச்சான்றின் குரல் ஆகிவிடாது என்று ஹக் காட்டுகிறான். நமக்கு இரண்டும் வேண்டும். முன்னது விளக்கு, பின்னது கண்ணாடி.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அங்கத நூலைப் படிக்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். நூலாசிரியரிடமும் இதைக் கேட்கலாம். செருப்பு தைத்தவன் பேராசைக்காரன் என்று நாம் சிரிக்கிறோம். ஆனால் கூலியைப் பேசாமல் வேலை வாங்கியவர் யார்? அவனுடைய தொழிலையும் பிறப்பையும் உலகம் இழிவாக எண்ணிய காலம் அது. அந்த இடத்தில் நூலின் சிரிப்பு எளியவன் பக்கம் திரும்பிவிட்டது என்பது என் கருத்து. 'ஹக்கிள்பெரி ஃபின்' நூலில் கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல் அடிக்கடி வருவதால், அதை வகுப்பில் வைக்கலாமா என்று அமெரிக்காவில் இன்றும் வாதிடுகிறார்கள். பெரிய நூலை மதிப்பது என்றால் அதன் குறையையும் சேர்த்துப் படிப்பதுதான்.

இதே அளவுகோலை நம் பள்ளி மேடையிலும் வைத்துப் பார்ப்போம். நகைச்சுவை நாடகம் என்றால் திக்கிப் பேசுபவர், வேலைக்கார அம்மா, பட்டிக்காட்டுத் தாத்தா ஆகியோரே நமக்கு அகப்படுகிறார்கள். மலையாளம் கலந்து பேசும் பாட்டியைப் போல் பேசிக் காட்டினால் கைதட்டல் விழுகிறது. செங்கோட்டைப் பகுதி முன்பு திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்ததால் வந்த பேச்சு அது, கேலிக்குரியது அன்று. வலியவரையும் நம்மையும் கேலி செய்வது அங்கதம். எளியவரைக் கேலி செய்வது வெறும் ஏளனம்.

வேடம் யாருக்காக?

கடைசியாக ஒரு கேள்வி. ஞானாம்பாள் ஏன் ஆண் வேடத்திலேயே ஆள வேண்டியிருந்தது? மாலை போட்ட யானைக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு தெரியாது. மக்களுக்குத்தான் தெரியும்! அதே தீர்ப்பைச் சேலை கட்டிய பெண் சொல்லியிருந்தால் விக்கிரமபுரி ஏற்றிருக்குமா? இங்கே சிரிப்பு விக்கிரமபுரியை நோக்கியும், 1879-இல் அந்நூலைப் படித்த ஆண்களை நோக்கியும் திரும்புகிறது. பெண்கல்விக்காக நூல்கள் எழுதியவர் அல்லவா அவர்! தாவீதைப் போல, அவர்கள் ஞானாம்பாளின் அறிவைப் பாராட்டித் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், தம் வீட்டுப் பெண்களைப் படிக்க வைக்காததை உணர்ந்திருப்பார்கள்.

நூல் வெளிவந்து 58 ஆண்டுகள் கழித்து, 1937-இல், அன்னா சாண்டி திருவிதாங்கூரில் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அவரே. 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியும் ஆனார். வேதநாயகம் பிள்ளை வகித்த அதே முன்சீப் பதவி. நம் செங்கோட்டைப் பகுதி அன்று அடங்கியிருந்த அதே திருவிதாங்கூர். அவருக்கு ஆண் வேடம் தேவைப்படவில்லை.

ஆகவே தோழியரே, இந்த விடுமுறையில் நம் நூலகத்திலிருந்து 'பிரதாப முதலியார் சரித்திரம்' எடுத்துப் படியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த முன்சீப் கதை எழுதினார்.