பராமரிப்பிலும் முறை வேண்டும்

காட்டூர் முதலிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலிருந்து வருவோரிடம் நாங்கள் அடிக்கடி காண்பது இது: மாத்திரை தீர்கிறது, தொழில் நாளை இழக்க மனமின்றி மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போகிறது. உடல் நலமாகவே தோன்றும். ஆயினும் இரத்த அழுத்தம் ஓசையின்றி உயர்ந்து பக்கவாதத்தில் முடியலாம்.

இவ்விடைவெளியை மருத்துவரால் மட்டும் நிரப்ப இயலாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டுவருகின்றனர். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, பராமரிப்பவரின் நலம். ஏரியில் யார் எந்நாளில் எவ்விடத்தில் வலைவிடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கம் இவ்வேரி மீனவரிடையே நெடுங்காலமாக உள்ளது. நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பையும் அவ்வாறே பகிரலாம். இரவும் பகலும் மனைவியோ மகளோ மட்டும் கண்விழித்தால், விரைவில் அவரும் நோயாளியாவார்.

1. உறவினர், அண்டை வீட்டார், மகளிர் குழுவினர் என மூவரேனும் நாள் குறித்துப் பொறுப்பேற்க வேண்டும்.

2. மாத்திரைகளின் பெயர், வேளை, அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அனைவரும் காணுமிடத்தில் ஒட்டுங்கள்.

3. மாதம் ஒருமுறை கூடிப் பேசுங்கள். முறை தவறியவரைக் கடிந்துகொள்ளாது, அவருக்கு இயன்ற நாளை அளியுங்கள். இணக்கம் நீடிக்க இதுவே வழி.

4. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி, ஏற்றவர்களுக்கு, பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும்.

அடுத்த முறை வரும்போது அத்தாளையும், பொறுப்பேற்றவருள் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவருடனும் நாங்கள் பேச விரும்புகிறோம்.