செய்தி தெரிந்தால் போதுமா? புரிய வேண்டாமா?

 

ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்காக நடக்கிற ஒரு தினசரிச் செய்தி நிகழ்ச்சியைப் பற்றி இந்தத் தாளில் எழுதுகிறேன். இது போனில் காதால் கேட்கிற நிகழ்ச்சி. பெயர் 'தி டெய்லி ஆஸ்'. ஆஸ்திரேலியா என்ற நீளமான பெயரை அந்த நாட்டுக்காரங்க செல்லமாகச் சுருக்கி 'ஆஸ்' என்று சொல்வார்கள்.

பாட்காஸ்ட் என்றால் என்ன?

ரேடியோ மாதிரிதான். ஆனால் ரேடியோவில் காலைச் செய்தியை அந்த நேரத்தில்தான் கேட்க முடியும். விட்டால் போச்சு. பாட்காஸ்ட்டைப் பேசிப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடியும் கேட்கலாம். 'ஐபாட்', 'பிராட்காஸ்ட்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 2004-ல் இந்தப் பெயர் வந்தது. தமிழில் 'வலையொலி' என்கிறார்கள்.

யார் ஆரம்பித்தது?

சாம் கோஸ்லோவ்ஸ்கி, ஸாரா சைட்லர் என்ற இரண்டு நண்பர்கள் 2017-ல் ஆரம்பித்தார்கள். முதலில் இன்ஸ்டாகிராமில் செய்திகளைச் சின்னச் சின்னதாக, எளிய ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் பாட்காஸ்ட் வந்தது. ஒரு முக்கியமான விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் விளக்கம் சொல்வார். நாம ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்கிற மாதிரியே இருக்கும். 2022-ல் இவர்கள் ஒரு புத்தகமும் எழுதினார்கள். 'அசட்டுக் கேள்வி என்று எதுவும் இல்லை' என்பது அதன் தலைப்புக்குப் பொருள். வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிற நமக்கும் அது பொருந்தும்தானே!

இது ஏன் அங்கே தேவைப்பட்டது?

ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயம். 1924-லேயே நாடாளுமன்றத் தேர்தலுக்கு இந்தச் சட்டம் வந்துவிட்டது. தக்க காரணம் இல்லாமல் போடாவிட்டால் 20 டாலர் அபராதம். முன்பு ஓட்டுரிமை வயது 21. 1973-ல் அதை 18 ஆகக் குறைத்தார்கள். 16 வயதிலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்து வைக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த வயதில் ஒரு அக்காவோ அண்ணனோ ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் அது ஓட்டா? சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி ஆகிவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு

2023 அக்டோபர் 14-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. மறுநாள் செய்தி என்ன? "வாய்ஸ் வாக்கெடுப்பு தோற்றது." அவ்வளவுதான். இதைப் படித்தால் செய்தி தெரியும். ஆனால் புரியுமா? இப்போது நாம கேள்வி கேட்டுப் பார்ப்போம்.

கேள்வி 1: பொது வாக்கெடுப்பு எதற்கு?
நம் நாட்டில் அரசியலமைப்பைத் திருத்துவது நாடாளுமன்றம். சில திருத்தங்களுக்கு மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. மக்களிடமே 'ஆம்', 'இல்லை' என்று கேட்க வேண்டும்.

கேள்வி 2: 'வாய்ஸ்' என்றால் என்ன?
'குரல்' என்று பொருள். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் ஐரோப்பியர்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்கிறவர்கள். அவர்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களில் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் கருத்துச் சொல்ல ஒரு குழு வேண்டும், அதை அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்பதுதான் கேட்கப்பட்ட கேள்வி.

கேள்வி 3: யார் என்ன சொன்னார்கள்?
"இத்தனை காலம் இவர்கள் குரலைக் கேட்காமலே முடிவு எடுத்தோம், இனியாவது கேட்போம்" என்றார்கள் ஆதரித்தவர்கள். "இது மக்களை இனத்தால் பிரிக்கும், குழு எப்படி வேலை செய்யும் என்பது தெளிவாக இல்லை" என்றார்கள் எதிர்த்தவர்கள். பூர்வகுடி மக்களிலேயே சிலர், "வெறும் கருத்துச் சொல்கிற அதிகாரம் எங்களுக்குப் போதாது" என்று எதிர்த்தார்கள்.

கேள்வி 4: ஏன் தோற்றது?
ஜெயிக்க இரண்டு நிபந்தனை உண்டு. நாடு முழுவதும் பாதிக்கு மேல் 'ஆம்' வேண்டும். அதோடு 6 மாநிலங்களில் 4-லாவது 'ஆம்' ஜெயிக்க வேண்டும். 2023-ல் சுமார் 60 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். 6 மாநிலங்களிலும் 'இல்லை'தான். 1901-லிருந்து இப்படி 45 திருத்தங்கள் மக்கள் முன் வந்தன, 8 மட்டுமே ஜெயித்தன.

இன்னொரு விஷயம். இதற்கு முந்தைய பொது வாக்கெடுப்பு 1999-ல் நடந்தது. அப்படியானால் 2023-ல் ஏறக்குறைய 42 வயதுக்குக் கீழே இருந்த எவருக்கும் இதுதான் முதல் அனுபவம். 18 வயதுக்காரருக்கு மட்டும் இல்லை, அவர் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூடப் புதிதாக இருந்திருக்கலாம்! அப்போது உட்கார்ந்து விளக்கிச் சொல்கிறவர்கள் எவ்வளவு தேவை என்று பாருங்கள்.

பூட்டிய கதவு

செய்தி நம்மிடம் வருகிற வழியும் முக்கியம். 2021 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் செய்திகளை நிறுத்திவிட்டது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வைக்கும் ஒரு சட்டம் வரப்போனதுதான் காரணம். ஒரு வாரத்துக்கு மேல் அங்கே யாரும் பேஸ்புக்கில் செய்தி படிக்க முடியவில்லை. வானிலை மையத்தின் பக்கம், சுகாதாரத் துறைப் பக்கங்கள்கூடக் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டன. அது கொரோனா காலம் வேறு!

அடுத்தது 2025 டிசம்பர் 10. அன்றிலிருந்து 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. மீறினால் அபராதம் பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்குத்தான். 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம். பிள்ளைகளின் மனநலத்துக்கு இது நல்லது என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் செய்தியையே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்த என் வயதுப் பிள்ளைகள் இனி எங்கே பார்ப்பார்கள்? பாட்காஸ்ட் கேட்கக் கணக்கு தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி. நடத்தும் 'பிஹைண்ட் தி நியூஸ்' என்ற டி.வி. நிகழ்ச்சியும் 1968-லிருந்து இருக்கிறது. பணம் குறைந்ததால் 2003-ல் அதை நிறுத்தினார்கள். 2005-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை

நன்றாகப் பேசுகிறவர் சொல்வதெல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது. விளக்குகிறவரும் மனிதர்தான். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர்தான் தேர்ந்தெடுக்கிறார். அதனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். 'இவருக்கு எப்படித் தெரியும்?' என்றும் கேட்க வேண்டும்.

நாமும் செய்யலாம்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் செய்தி வாசிக்கிறோம். ஐந்து தலைப்புகள் வேகமாக ஓடிவிடுகின்றன. வகுப்புக்குப் போவதற்குள் பாதி மறந்தும் போகிறது. வாரத்தில் ஒரு நாளாவது ஒரே ஒரு செய்தியை எடுத்து, ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, 3 நிமிடம் விளக்கினால் என்ன? இதற்கு மைக்கும் வேண்டாம், போனும் வேண்டாம். தலைமையாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் அனுமதி தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நமக்கும் இன்னும் நாலே வருடத்தில் ஓட்டு வரப்போகிறது!

விடை சொல்லுங்கள் பார்க்கலாம்:
1. ஆஸ்திரேலியாவில் பொது வாக்கெடுப்பு ஜெயிக்க என்னென்ன இரண்டு நிபந்தனைகள்?
2. ரேடியோவுக்கும் பாட்காஸ்ட்டுக்கும் என்ன வேறுபாடு?
3. நேற்று கேட்ட செய்தி ஒன்றுக்கு 'ஏன்?' என்று ஒரு கேள்வி எழுதுங்கள்.

மூன்றாவதுக்கு ஒரே விடை கிடையாது. எழுதி இந்தத் தாளுக்குக் கீழே குண்டூசியில் குத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி