நாணயத்தைப் பற்றி நாணயமாய்



பழைய நாணயங்களும் அஞ்சல் தலைகளும் சேர்ப்பது பயனுள்ள பொழுதுபோக்கு என்று கட்டுரை நோட்டில் எல்லோரும் எழுதியிருப்பீர்கள். சேர்க்கத் தொடங்கிய சில மாதங்களில் வரக்கூடிய ஒரு சங்கடத்தைப் பற்றி அந்தக் கட்டுரைகளில் ஒரு வரியும் இராது. தோழி ஒருத்தி ஆசையோடு ஒரு நாணயத்தைக் காட்டுகிறாள். அது போலி என்று உங்களுக்குத் தோன்றுகிறது. சொல்வதா, விடுவதா? சொன்னால் எப்படிச் சொல்வது?

நம் பக்கத்துப் பெண்கள் இத்தகைய விஷயத்திற்குப் புதியவர்கள் அல்லர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வளர்ந்த பெண்ணுக்குத் தோலையும் ரெக்சினையும் பிரித்தறிய யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெட்டிய ஓரத்தைப் பார்ப்பாள், உட்புறத்தைத் திருப்புவாள். நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். ஆனால் கல்யாண வீட்டில் அத்தை பெருமையோடு மாட்டி வந்த பையைத் திருப்பிப் பார்த்து, "இது ரெக்சின்" என்று பத்துப் பேர் நடுவே சொல்வாளா? மாட்டாள். அதே அத்தை தோலின் விலை கொடுத்து அந்தப் பையை வாங்கப் போனால் சும்மா இருப்பாளா? அப்போதும் மாட்டாள். ஓரமாக அழைத்துக் காதோடு சொல்லிவிடுவாள். நாணயத்திலும் முறை இதுதான். ஆனால் தோல் நமக்குப் பழக்கப்பட்டது, நாணயம் அப்படியன்று. எனவே தோழியிடம் வாய் திறக்குமுன், நமக்கு உண்மையிலேயே தெரியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்க்காட்டு ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து பாலாற்றின் போக்கிலேயே கிழக்கே போனால் வருகிற அதே ஆர்க்காடுதான். இந்த வெள்ளி ரூபாயில் பாரசீக எழுத்தில் 'ஆர்க்காட்' என்று பொறித்திருக்கும். உருது படித்த தோழி யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவாள். ஆனால் ஊர்ப்பெயர் ஆர்க்காடாக இருந்தாலும் அடித்த இடம் ஆர்க்காடாக இருக்க வேண்டியதில்லை. நவாபின் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரர்கள் 1736 முதல் புதுச்சேரியில் இதை அடித்தார்கள். ஆங்கிலேயர் 1742இல் அனுமதி பெற்றுச் சென்னையில் அடித்தார்கள். பிறைக் குறி இருந்தால் புதுச்சேரி, தாமரைக் குறி இருந்தால் சென்னை. ஆண்டோ இன்னும் வேடிக்கை. சென்னையில் 1807க்குப் பின் இயந்திரத்தில் அடித்த ரூபாயிலும் ஹிஜிரி 1172 என்றே பொறித்தார்கள். அதாவது கிறிஸ்து ஆண்டு 1758-59. அதில் பெயர் காணும் மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759இலேயே இறந்துவிட்டார். ஊரும் பொருந்தாது, ஆண்டும் பொருந்தாது, அரசரும் உயிரோடு இல்லை! அரைகுறையாகப் படித்த ஒருத்தி இதைப் போலி என்றுதான் சொல்வாள். ஆனால் இது அசல் நாணயம்.

இன்னொன்றும் உண்டு. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், சென்னை ராஜதானிக்காக இங்கிலாந்தில் அடித்த செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, அந்நாட்டுக் கரையோரத்து மணல் திட்டிலேயே மூழ்கிப்போயிற்று. 1980களில் அந்தக் காசுகள் இலட்சக்கணக்கில் வெளியே எடுக்கப்பட்டன. 1808 என்ற ஆண்டோடு, யார் கையிலும் புழங்காமல் தேயாத முகத்தோடு இருக்கும் 10 காசு, 20 காசு நாணயங்கள் அவை. "இருநூறு வருஷத்துக் காசு இவ்வளவு புதிதாக இருக்குமா?" என்று கேட்டு யாருடைய மனத்தையும் புண்படுத்திவிடாதீர்கள்.

சரி, நிச்சயமாகப் போலியானவை இல்லையா? நிறைய உண்டு. நம்மிடையே மிகுதியாகத் திரிவது, ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ, மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று இருக்கும் செப்பு நாணயம். 1616, 1717 என்ற ஆண்டுகளோடும் கிடைக்கும். கம்பெனியார் இப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். "கம்பெனி நாணயத்தில் சாமி படம் இராது" என்று சொன்னால் அது தவறு. சென்னையில் கம்பெனியார் அடித்த மூன்று சாமி வராகனில் பெருமாளும் இரு தேவியரும் இருக்கிறார்கள்! அணா என்று பொறித்திருப்பதைக் காட்டலாம்: அக்காலத்துச் சென்னைச் செப்பு நாணயங்கள் காசுக் கணக்கில் வந்தவை, எல்லா ராஜதானிகளுக்கும் ஒரே மாதிரியான கம்பெனி நாணயம் 1835இல்தான் வந்தது. விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு, முகத்தில் சிறு குமிழ்ப் பள்ளங்கள், மழுங்கிய எழுத்து ஆகியவையும் வார்த்தெடுத்ததைக் காட்டிக்கொடுக்கும். காந்தம் ஒட்டினால் அது செம்பும் அன்று, வெள்ளியும் அன்று. ஒட்டவில்லை என்பதால் மட்டும் அசலாகிவிடாது.

இப்போது சொல்லும் முறைக்கு வருவோம். பிறர் நாணயத்தை முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும். விளிம்பைப் பிடித்து, கீழே துணி விரித்துப் பார்க்கவேண்டும். புளி போட்டுத் தேய்ப்பதும் ஊக்கால் கீறிப் பார்ப்பதும் கூடவே கூடாது. அது அசலாக இருந்தால் அதன் மதிப்பை நீங்களே கெடுத்தவர்கள் ஆவீர்கள். கண்காட்சி மேசையில், மற்றவர்கள் சூழ நிற்கும்போது பேச்செடுக்காதீர்கள். வகுப்பு முடிந்தபின் தனியாகக் கேளுங்கள்: "இது எங்கே கிடைத்தது? விளிம்பில் ஒரு கோடு தெரிகிறதே, நீயும் பார்." மூத்த மாணவியாக இருந்தால், "அக்கா, இதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம், நீங்களும் கொஞ்சம் பார்க்கிறீர்களா?" அவளே பார்த்து அவளே கண்டுகொண்டால் வருத்தம் பாதியாகக் குறையும். 'போலி' என்ற சொல்லை நான் கூடுமானவரை தவிர்ப்பேன். அதில் 'நீ ஏமாந்தாய்' என்பதும், சில சமயம் 'நீ ஏமாற்றுகிறாய்' என்பதும் ஒளிந்திருக்கின்றன. "இது பிற்காலத்தில் செய்தது என்று தோன்றுகிறது" என்றாலே போதும்.

கேட்காத இடத்தில் சொல்லவே வேண்டாம் என்றும் சில சமயம் உண்டு. இராமர் பட்டாபிஷேகம் பொறித்த இராமடங்காவைப் பூசை அறையில் வைத்துக் கும்பிடுகிற பாட்டியிடம் போய், "இது நாணயமே அல்ல" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அது வழிபாட்டுக்கென்றே செய்யப்பட்ட வில்லை. அவர் அதை யாருக்கும் விற்கவும் போவதில்லை.

ஆனால் அதே பாட்டி வீட்டிற்கு யாரோ இருவர் வந்து, "இதில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் வாங்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறது, சோதனைச் செலவுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள்" என்று பேசினால், உடனே வாய் திறக்கவேண்டும். 'ரைஸ் புல்லிங்' என்னும் இந்த மோசடியால் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்திருக்கின்றன. இரிடியம் உண்மையான ஓர் உலோகம்தான், வேதியியல் புத்தகத்தில் அணு எண் 77. ஆனால் அது அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்பைக் கலந்து, அருகே காந்தத்தை மறைத்து வைத்தால் எந்தச் செம்பும் 'இழுக்கும்'. இங்கே நாசூக்குப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. சிறுமி சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தோன்றினால் உங்கள் அப்பா அம்மாவிடமோ சிஸ்டரிடமோ உடனே சொல்லுங்கள். பணம் கைமாறுமுன் சொல்லவேண்டும்.

தோழிகளுக்குள் மாற்றிக்கொள்வதிலும் அப்படியே. ஒருத்தி தன் நல்ல நாணயத்தைக் கொடுத்துச் சந்தேகமான ஒன்றை வாங்கப்போகிறாள் என்றால், மாற்றிக்கொள்வதற்கு முன்பே இருவரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். கொடுப்பவளுக்கும் அது தெரியாமலிருக்கலாம். அஞ்சல் தலையிலும் இதே கவனம் தேவை. 1948இல் வந்த காந்தியடிகள் பத்து ரூபாய்த் தலையில் 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டவை கவர்னர் ஜெனரலின் உபயோகத்திற்காக 100 மட்டுமே. சாதாரணத் தலையில் அந்தச் சொல்லைத் தாமே அச்சடித்து விற்றவர்கள் உண்டு. அதைப் பள்ளி மாணவி ஒருத்தி கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. "எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரிடம் காட்டு" என்பதே சரியான விடை. அசல் நாணயம் எப்படியிருக்கும் என்று கண் பழக, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் பார்த்து வரலாம்.

போலியென்று உறுதியானதைத் தூக்கி எறியவும் வேண்டாம், இன்னொருத்தி தலையில் கட்டவும் வேண்டாம். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்து, அடியில் மையால் எழுதிவிடலாம்: "கம்பெனி நாணயம் போன்றது. 1818 என்று பொறித்துள்ளது. பிற்காலத்தில் செய்தது. திருவிழாக் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கியது."