காணாமற் போன கோப்பு எங்கே இருக்கிறது?



ஒரு நாள் மாலை, செம்பனைத் தோட்டத்தில் பணிபுரியும் அன்னையார் ஒருவர் நம் பள்ளிக்கு வந்தார். அவர் கையில் சிறு பென்டிரைவ் ஒன்று இருந்தது. மகளின் பாடவேலைகளோடு, காலஞ்சென்ற தம் தந்தையாரின் நிழற்படங்களையும் அவர் அதில் சேமித்து வைத்திருந்தார். பழைய லயத்து வாசலில் பால் வாளியுடன் தந்தையார் நிற்கும் படம் அவற்றுள் ஒன்று. வீட்டினுள் வெள்ளம் புகுந்தபோது மூலப்படம் அழிந்துபோக, எஞ்சியிருந்தது இந்தப் பிரதி மட்டுமே.

"கடையில காட்டினேன் சார். வைரஸ் புகுந்துவிட்டது, பார்மெட் செய்தால்தான் சரியாகும் என்கிறார்கள். பார்மெட் செய்தால் அப்பா படம் இருக்குமா?" என்று அவர் கேட்டார்.

அவ்வினாவுக்கு விடை கூறப் புகுந்ததே இக்கட்டுரையாக விரிந்தது. புக்கிட் பெருந்துங் வட்டாரத்திலும், கோல சிலாங்கூர் தொடங்கி வட சிலாங்கூர் வரையிலுள்ள தோட்டப்புறங்களிலும் இன்று கணினி இல்லாத தெருவைக் காண்பது அரிது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கடன் வாங்கியேனும் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வைத்த குடும்பங்கள் பல. பொருள் வீட்டிற்கு வந்துவிட்டது. அது பழுதுபட்டால் செய்ய வேண்டியதை எடுத்துச் சொல்வார்தாம் இலர்.

கணினி தன் பொருள்களை எவ்வாறு வைத்துக்கொள்கிறது என்பதை முதலில் காண்போம். நம் தாத்தா பாட்டியர் வாழ்ந்த தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக லயங்கள்; ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் எண். இன்னார் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பதைக் கிராணியார் ஆபீசில் ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வன்தட்டும் பென்டிரைவும் இத்தகைய தோட்டங்களே. அவற்றிலுள்ள இடம் சிறுசிறு வீடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நாம் எழுதும் கட்டுரையோ எடுக்கும் படமோ ஒரு கோப்பு. அது ஒரு குடும்பம். பெரிய குடும்பமாயின் ஒரு வீடு போதாது. பல வீடுகளில் பிரிந்து குடியிருக்கும். முதல் வீடு எது, அதற்கடுத்தது எது, கடைசி வீடு எது என்பன யாவும் பேரேட்டில் இருக்கும். கோப்புறை என்பது தனியறையன்று. பேரேட்டில் உள்ள ஒரு தலைப்பே ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் 1977ஆம் ஆண்டில் தோன்றிய 'பேட்' என்னும் பேரேட்டு முறையின் வழிவந்தவையே இன்றும் நம் பென்டிரைவுகள் பலவற்றில் உள்ளன.

இனி, கோப்பு ஒன்றை அழிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணினி அவ்வீட்டிற்குச் சென்று குடும்பத்தை வெளியேற்றுவதில்லை. பேரேட்டில் பெயரை அடித்துவிட்டு, 'வீடு காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. உள்ளே இருப்போர் அப்படியே இருப்பர். புதுக் குடும்பம் ஒன்றை அவ்வீட்டில் குடியேற்றும்போதுதான் பழையவர் மறைகின்றனர். ஆகையினால், தவறிப்போய் ஒன்றை அழித்துவிட்டால் உடனே செய்யத்தக்கது யாதெனில், அந்த வட்டில் வேறொன்றையும் எழுதாமல் நிறுத்துவதாகும். புதுப்படம் எடுத்து வைப்பதும், பாட்டு இறக்குவதும், ஏன், மீட்புச் செயலியை அதே வட்டில் நிறுவுவதும்கூட இருப்பவர் தலையில் புதியவரைக் கொண்டுவந்து இறக்குவதாகும். மீட்புச் செயலியை வேறொரு வட்டில் நிறுவி, மீண்ட கோப்புகளையும் அந்த வேறு வட்டிலேயே சேமித்தல் வேண்டும்.

கணினியின் உள்வட்டில் அழித்த கோப்பு பெரும்பாலும் முதலில் குப்பைத் தொட்டிக்குச் செல்லும். அங்கிருந்து எளிதில் மீட்கலாம். பென்டிரைவில் அழித்ததோ குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. பேரேட்டிலிருந்து நேரே நீங்கிவிடும். மேலும், புது மடிக்கணினிகளில் இருக்கும் எஸ்.எஸ்.டி. வட்டுகளுக்கு நம் தோட்டத்து உவமை முழுதும் பொருந்தாது. அவை காலியான வீட்டை வெகு விரைவில் துப்புரவாகத் துடைத்துவிடும் இயல்புடையன. அவற்றில் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டால் மீட்சிக்கு நம்பிக்கை குறைவே.

அன்னையாரின் பென்டிரைவுக்கு வருவோம். அதைத் திறந்தபோது கோப்புறைகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆயினும் ஒவ்வொரு சின்னத்தின் மூலையிலும் சிறு அம்புக்குறி ஒன்று காணப்பட்டது. அவை கோப்புறைகள் அல்ல. 'ஷார்ட்கட்' எனப்படும் வழிகாட்டிப் பலகைகள். ஒருவகைத் தீநிரல், உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிப் பலகைகளை வாயிலில் நட்டு வைக்கிறது. நாம் பலகையை அழுத்தினால் தீநிரல் இயங்கி நம் கணினியிலும் புகுந்துகொள்கிறது. பள்ளிக்கூடம், அச்சுக்கடை, உறவினர் வீடு எனப் பென்டிரைவ் போகுமிடமெல்லாம் அதுவும் போகும்.

நாம் அம்புக்குறிச் சின்னம் எதனையும் தொடவில்லை. முதலில் கிருமி எதிர்ப்புச் செயலியைக் கொண்டு பென்டிரைவ் முழுவதையும் சோதித்தோம். பின்னர், கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் 'வியூ' என்னும் பட்டியைத் திறந்து, மறைந்தவற்றையும் காட்டுமாறு பணித்தோம். ஒன்றும் தோன்றவில்லை. அன்னையாரின் முகம் வாடிற்று. தீநிரல் அவற்றை வெறுமனே மறைக்காமல், கணினியின் சொந்தக் கோப்புகள் என்று முத்திரையும் குத்தியிருந்தமையே காரணம். இத்தகையவற்றைக் காண, அமைப்புகளுக்குள் சென்று 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்ற பொருள்படும் வரிக்கு எதிரேயுள்ள குறியையும் நீக்குதல் வேண்டும். அதை நீக்கியதும் மங்கலான நிறத்தில் கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவற்றுள் நுழைந்து, உள்ளிருந்த கோப்புகளைக் கணினியில் புதிதாக அமைத்த கோப்புறைக்குப் பிரதி செய்தோம். பால் வாளியும் தந்தையாரும் திரையில் தெரிந்தபோது, அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பின்னரே அந்தப் பென்டிரைவை பார்மெட் செய்தோம். கடைக்காரர் கூறியது முழுதும் தவறன்று. முன்னே செய்ய வேண்டியதைச் சொல்லாமல் பின்னே செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டார். பார்மெட் என்பது பழைய பேரேட்டை எறிந்துவிட்டு வெற்றுப் பேரேடு ஒன்றைத் திறப்பதாகும். விரைவு பார்மெட் அத்துடன் நின்றுவிடும். முழு பார்மெட்டோ, இன்றைய விண்டோஸ் கணினிகளில், ஒவ்வொரு வீட்டையும் சுழியத்தால் நிரப்பிவிடுகிறது. அதன் பின் எவராலும் மீட்க இயலாது.

சில வேளைகளில் கணினியே, "இவ்வட்டைப் பயன்படுத்துமுன் பார்மெட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று வினவும். பேரேடு கிழிந்திருப்பதால் அதற்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே இதன் பொருள். வீடுகளும் குடும்பங்களும் பெரும்பாலும் அப்படியே உள்ளன. ஆகவே, 'வேண்டாம்' என்று விடையிறுத்து, வேறு துளையிலும் வேறு கணினியிலும் செருகிப் பாருங்கள். எங்கும் அதே வினா எழுமாயின், மீட்புச் செயலியால் கோப்புகளை வெளியே எடுத்த பிறகே வட்டைச் செப்பனிட முயல வேண்டும். 'செக் டிஸ்க்' என்னும் கருவி பேரேட்டைத் திருத்தும்போது, புரியாத பதிவுகளைத் துண்டுகளாக்கிவிடக்கூடும். வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை எழுந்தால் எந்தச் செயலியும் உதவாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அத்துறை அறிந்தவரிடம் கொடுப்பதே முறை.

பேரேடு ஏன் கிழிகிறது? பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுதுகோலைப் பிடுங்குவதனால்தான். பிரதி செய்து முடிந்தது என்று திரை காட்டிய பின்னரும் கணினி சிறிது நேரம் எழுதிக்கொண்டிருக்கலாம். பென்டிரைவைப் பாதுகாப்பாக அகற்றும் கட்டளை இதற்காகவே உள்ளது. மற்றொரு காரணம் நம் வானம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் மாத வாக்கிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடியும் மின்னலும் மிகுதி. நம் ஆண்டு மலருக்கென மாணவர் எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பெருமின்னல் ஒன்று வெட்டி மின்சாரம் அறுந்தது. கணினி மீண்டபோது ஆறு கட்டுரைகள் அடங்கிய கோப்பு திறக்க மறுத்தது. தற்காலிகக் கோப்பு ஒன்றிலிருந்து நான்கினை மீட்டோம். எஞ்சிய இரண்டில் ஒன்றின் கையெழுத்துப் படி எம்மிடம் இருந்தது. மற்றொன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் தன் பாட்டியைக் கேட்டு எழுதியது. அவன் மீண்டும் எழுதிக் கொடுத்தான். முதலில் எழுதியதைப்போல் வரவில்லை என்று அவனே கூறினான். இடி முழங்கத் தொடங்கியதும் கணினியின் மின்செருகியைப் பிடுங்கிவிடுவதை அன்று முதல் வழக்கமாக்கிக்கொண்டோம்.

பழுது இல்லாமலேயே பழுதுபோல் தோன்றுவனவும் உண்டு. விளையாட்டுப் போட்டியின் காணொளியைப் பென்டிரைவில் இட முயன்றபோது, 20 ஜிகாபைட்டுக்குமேல் இடம் இருந்தும், 'கோப்பு மிகப் பெரிது' என்று கணினி மறுத்துவிட்டது. 1996ஆம் ஆண்டில் வந்த 'பேட் 32' என்னும் முறையில், ஒரு கோப்பின் அளவைக் குறிக்கப் பேரேட்டில் 32 இரும இலக்கங்களுக்கே இடமுண்டு. அவற்றால் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது, 4 ஜிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவு. அதனினும் பெரிய கோப்புக்குப் பேரேட்டில் கட்டம் போதாது. பென்டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு, 'எக்ஸ்பேட்' முறையில் பார்மெட் செய்தால் தீர்ந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை. விண்டோஸ் கணினியில் ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்னும் மூன்றெழுத்துகளை மட்டும் கொண்ட பெயரில் கோப்புறை ஒன்றை அமைத்துப் பாருங்கள், கணினி ஒப்பாது. விசைப்பலகையையும் திரையையும் குறிக்க அக்காலத்தில் ஒதுக்கிய பெயர் அது. முதல் வன்தட்டு 'ஏ' என்று தொடங்காமல் 'சி' என்று தொடங்குவதும் அவ்வாறே. 'ஏ', 'பி' இரண்டும் நெகிழ்தட்டுகளுக்கு உரியனவாக இருந்தன. நெகிழ்தட்டுகள் மறைந்தும் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

தமிழர்களாகிய நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நம் பள்ளியின் பழைய மலர் ஒன்றின் கோப்பைத் திறந்தோம். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் வரிவரியாக நின்றன. கோப்பு கெட்டுவிட்டது, அழித்துவிடலாம் என்றார் ஒருவர். நல்லவேளை, அழிக்கவில்லை. கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கிறது. அக்காலத்தில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்தவை 256 எண்களே. 'க'வுக்கு ஒருவர் ஓர் எண் கொடுத்தார். மற்றொருவர் வேறோர் எண் கொடுத்தார். எழுதிய எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வெண்கள் வேறு உருவங்களாகத் தோன்றுகின்றன. பேச்சு கெடவில்லை, அகராதிதான் மாறிவிட்டது.

இச்சிக்கலைத் தீர்க்க உழைத்தோரில் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் அவர்களும், சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. உலக எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது வீடுகளை வந்தடையப் பல்லாண்டுகள் ஆயின. அம்முறையில் 'அ'வின் எண் 2949. 'க'வின் எண் 2965. புக்கிட் பெருந்துங்கிலும் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அவை அவையே. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் இம்முறையை ஏற்றது.

பழைய தமிழ்க் கோப்பு எவரிடமேனும் இருப்பின், மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, அக்காலத்து எழுத்துருவை நிறுவிப் பாருங்கள். அல்லது குறியீட்டு மாற்றி கொண்டு யூனிகோடாக மாற்றுங்கள். நாம் மாற்றிய மலர் ஏறத்தாழ முழுமையாக மீண்டது. கொம்புகள் சில இடம் மாறி நின்றன. அவற்றை ஆறாம் ஆண்டு மாணவர்கள் அச்சுப்படியோடு ஒப்பிட்டுத் திருத்தினர்.

அன்னையாரின் படங்கள் இப்பொழுது மூன்று இடங்களில் உள்ளன: வீட்டுக் கணினியில் ஒன்று, வேறு வீட்டில் வாழும் அண்ணனின் வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஒரே மேசையில் இருக்கும் மூன்று பிரதிகளை வெள்ளம் ஒன்றாகவே கொண்டுபோகும் என்பதை அவருக்கு எவரும் கூற வேண்டியிருக்கவில்லை.

நம் பள்ளி அலுவலகத்தின் அலமாரியில் நெகிழ்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1.44 மெகாபைட் கொள்ளும்; இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுகூட அதனுள் அடங்காமற் போகலாம். ஆனால் எழுத்தாயின் ஒரு மலரே அடங்கும். மேலட்டைகளில் பழைய மலர்களின் ஆண்டுகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றைப் படிக்கும் கருவி எம்மிடம் இல்லை. எவர் வீட்டிலேனும் அக்கருவி இருந்தால், பள்ளிக்குச் சில நாள் இரவல் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.