எலும்பு வளையுமா?

கோழியின் தொடை எலும்பு ஒன்றை நன்கு கழுவி, வினிகரில் ஊறவையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள், ரப்பரைப்போல் வளையும்! எலும்புக்குக் கடினத்தன்மை தந்த கால்சியம் உப்புகளை அமிலம் கரைத்துவிட்டது. எஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரதநார். எலும்பை நெருப்பிலிட்டாலோ நார் எரிந்துவிடும். மீதமுள்ளது எளிதில் நொறுங்கும். இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் எலும்பு சுமையையும் தாங்குகிறது, அதிர்ச்சியையும் தாங்குகிறது.

நமது தொடை எலும்பின் நடுப்பகுதி ஒரு குழாய். அதன் சுவர் கெட்டியான எலும்புத் திசுவால் ஆனது. முனைகளின் உட்புறத்திலோ கடற்பஞ்சு போன்ற திசு இருக்கிறது. மேல்முனையில் அதன் இடைவெளிகளிலுள்ள செம்மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உண்டாகின்றன.

எலும்பு உயிருள்ள உறுப்பு. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரிக்கின்றன. மற்றொரு வகை புதிதாகக் கட்டுகின்றன. சுமை குறைந்தால் அரிப்பு மிஞ்சும். விண்வெளியில் பல மாதங்கள் தங்கும் வீரர்களின் கால், இடுப்பு எலும்புகள் இப்படித்தான் அடர்த்தி குறைகின்றன.

சுமார் 30 வயதுக்குள் எலும்பின் அடர்த்தி உச்சத்தை எட்டிவிடும். பிறகு மெல்லக் குறையும். அதில் பெரும்பங்கு சேர்வது உங்கள் வயதில்தான். ஆகவே, மாணவர்களே, பாலும் கேழ்வரகும் கீரையும் உண்ணுங்கள்; நாள்தோறும் ஓடி விளையாடுங்கள்!