"விதியில் இல்லை" என்று சொல்வதற்கு முன்



வெள்ளிக்கிழமை இரவானால் எங்கள் விடுதியில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவோம். தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த கதையாட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லி ஆடுவார்கள். அது பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால், 20 பக்கப் பகடையை உருட்டுவோம்.

கதை நடத்துபவன் நான்தான். ஓர் இரவு, கோட்டைப் படிக்கட்டில் மூன்று காவலர்கள் ஓடி இறங்கி வருகிறார்கள். முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன், அதிகம் பேசாதவன், மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, என் பையில விளக்கு எண்ணெய் இருக்கே, படியில ஊத்திடவா?"

"அப்படி ஒரு திறமை உன் தாள்ல இல்லையே தம்பி. வாளை எடுத்து வெட்டு"ன்னு சொல்லிட்டேன்.

வெட்டினான், ஜெயித்தான். ஆனால் அடுத்த மூன்று வாரமும் அவன் சொன்னது ஒரே சொல்தான்: "வெட்டுறேன்."

தப்பு என்னுடையது. தாளில் இருப்பதை மட்டும்தான் செய்யலாம் என்று அவனுக்குப் பழக்கிவிட்டேன். விதி நூலைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது: பட்டியலில் இல்லாத ஒன்றை எடை போடவும் அதே நூலில் தராசு இருக்கிறது. அதை இப்படிப் பயன்படுத்தலாம்.

1. நோக்கத்தைக் கேளுங்கள். "முடியாது" என்பதற்கு முன், "இதனால என்ன நடக்கணும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். தம்பிக்கு வேண்டியது, காவலர்கள் வழுக்கி விழுவது.

2. நூலில் அதற்கு நெருங்கிய விதியைத் தேடுங்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், தரையில் பால்பேரிங் குண்டுகளைக் கொட்ட விதி உண்டு. அதன்மேல் நடப்பவர் பகடை உருட்டி, தன் சுறுசுறுப்புக்கான புள்ளியையும் கூட்டி 10 எடுக்காவிட்டால் விழுவார். எண்ணெய்க்கும் அதையே வைத்திருக்கலாம்!

3. எண் வையுங்கள். சுலபம் என்றால் 10, நடுத்தரம் 15, கடினம் 20. யோசனை நிலைமைக்கு நன்றாகப் பொருந்தினால், இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கணக்கைப் பாருங்கள்: இலக்கு 15, திறமைப் புள்ளி 2 என்றால், பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழணும். ஒரு பகடையில் வாய்ப்பு 40 விழுக்காடு. இரண்டில் 64.

4. விலையும் இருக்கட்டும். எண்ணெயை ஊற்றினால் அடுத்த இருட்டறையில் விளக்கு எரியாது. இந்த விலைதான் யோசனையைத் தந்திரமாகக் குறையவிடாமல் காக்கிறது.

அதற்காக எதைச் சொன்னாலும் தலையாட்டணுமா? வேண்டாம். "ஒரே தாவலில் மலை உச்சிக்குப் போறேன்" என்றால் பகடையே தேவையில்லை, நடக்காது. இன்று ஒருவருக்குக் கொடுத்த தீர்ப்பை நாளை இன்னொருவருக்கு மறுக்கவும் கூடாது. அதனால் நான் இப்போது ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

நான்காவது வாரம் தம்பியிடம், "அன்னிக்கு நீ சொன்னது நல்ல யோசனை, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன். சிரித்தான். அன்று கதையில் ஒரு பூட்டிய கதவு வந்தது. "அண்ணே, பூட்டை விடுங்க, கீலைக் கழட்டினா?" என்றான். 15 வைத்தேன். பகடையில் 6. கதவு அசையவில்லை. ஆனால் அவன் உடனே அடுத்த யோசனையைச் சொன்னான். எனக்கு அது போதும்.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் குழுவில் யாராவது தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இந்த நான்கு படிகளையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதிகம் பேசாதவரிடமிருந்து தொடங்குங்கள்.